சாதத் ஹசன் மண்ட்டோ: எழுத்தும் குடியும்

உருதுச் சிறுகதையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் சாதத் ஹசன் மண்ட்டோவைக் கடந்து செல்லவியலாது. அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சேர்த்தே பேசுவர். அவர் பெருங்கதைஞர் என்பது ஒன்று. பெருங்குடியர் என்பது மற்றொன்று. பின்னதே முன்னதற்கு உரமாயிற்று என்னும் குறிப்பு அப்பேச்சில் எப்படியோ கலந்துவிடும். இக்குறிப்பு தமிழ்ப் புலவர் அவைகளுக்கும் புதிதன்று. அதியமான் ஔவைக்குக் கள் வார்த்த செய்தியைச் சுவைபடச் சொல்லும் அவைகளில், வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தமை அந்த நேரத்தில் மறந்து போவதுண்டு. மண்ட்டோவின் வாழ்க்கையை, குறிப்பாக அதன் இறுதி ஏழாண்டுகளை, நிகழ்ந்தவாறே நோக்கினால் அந்தக் குறிப்பு எவ்வளவு பொய்யானது என்பது புலனாகும்.

1912ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், பஞ்சாபில் லூதியானாவை அடுத்த சம்ராலாவில் பிறந்தவர் மண்ட்டோ. காஷ்மீரத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். தந்தை நீதித்துறையில் பணியாற்றியவர், கண்டிப்பு மிக்கவர். அவருடைய இரண்டாம் மனைவியின் மகனாகப் பிறந்த சாதத்துக்கு, தந்தையின் முகம் அச்சத்தோடேயே நினைவில் நின்றது. தாயின் பரிவே அவர் கண்ட நிழல். பள்ளி இறுதித் தேர்வில் ஒரு முறைக்கு மேல் தோற்றார். தோற்ற பாடங்களுள் உருதும் ஒன்று என்பது இலக்கிய வரலாறு செய்யும் வேடிக்கைகளுள் ஒன்று. அமிர்தசரஸில் திசையறியாது திரிந்த அந்த இளைஞரைப் புத்தகங்களின் பக்கம் திருப்பியவர் பாரி என்னும் பத்திரிகையாளர். அவர் தூண்டுதலால் விக்டர் ஹ்யூகோவின் நூலொன்றை உருதுவில் பெயர்த்ததே மண்ட்டோவின் தொடக்கம். அலிகார் பல்கலைக்கழகப் படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. நுரையீரல் நோய் என்ற ஐயத்தால் காஷ்மீர் மலைப்பகுதியிலுள்ள பட்டோத்தில் சில காலம் தங்கினார். உடல் அவருக்கு இளமையிலேயே உறுதியாக வாய்க்கவில்லை.

1936இல் பம்பாய் சென்று திரைப்பட இதழொன்றின் ஆசிரியரானார். 1939 ஏப்ரலில் சஃபியாவை மணந்தார். சஃபியாவும் காஷ்மீரக் குடும்பத்தவர். அவரும் மூக்குக் கண்ணாடி அணிபவர். அவர் பிறந்ததும் ஒரு மே 11ஆம் நாளே. இவ்வொற்றுமைகளை இருவரும் வியந்து மகிழ்ந்ததுண்டு. 1941இல் தில்லி வானொலியில் பணியேற்று, ஒன்றரை ஆண்டுக் காலத்திற்குள் நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதிக் குவித்தார். பலவற்றை உருதுத் தட்டச்சுப் பொறியில் நேரே அடித்தார் என்பர். அந்நாட்களிலேயே முதல் குழந்தையாகிய ஆரிஃப், ஓராண்டு கூட நன்கு நிரம்பாத பருவத்தில் இறந்தான். மீண்டும் பம்பாய்; ஃபில்மிஸ்தான், பம்பாய் டாக்கீஸ் நிறுவனங்களில் கதை எழுதும் பணி; அசோக்குமார், ஷியாம் போன்ற நடிகர்களின் நட்பு. 'ஆட் தின்' என்னும் படத்தில் சித்தம் கலங்கிய விமானப்படை அதிகாரியாக அவரே நடிக்கவும் செய்தார்.

குடி அப்போதே உண்டு. ஆனால் மாதந்தோறும் ஊதியம் வந்தது. விடிந்தால் போக ஒரு ஸ்டூடியோ இருந்தது. உடன் குடிக்கும் நண்பர்களே உடன் உழைப்பவர்களாகவும் இருந்தனர். ஆகவே அது ஒரு பழக்கம் போலத் தோன்றிற்றேயன்றி நோய் போலத் தோன்றவில்லை. குடிநோயின் இயல்பே இதுதான். கட்டடம் நிற்கும் வரை கரையான் இருப்பது தெரிவதில்லை.

நாடு பிளவுண்டது. பம்பாய் டாக்கீஸில் முஸ்லிம்கள் பணிபுரிவதை எதிர்த்து மிரட்டல் கடிதங்கள் வந்தன. சஃபியாவும் மகளும் முன்னரே லாகூர் சென்றிருந்தனர். 1948 ஜனவரியில் மண்ட்டோவும் கப்பலேறிக் கராச்சி வழியாக லாகூரை அடைந்தார். அங்கே அவருக்குத் தெரிந்த பம்பாய் இல்லை; படத்தொழில் சிதைந்து கிடந்தது; ஊதியமில்லை. லட்சுமி மேன்ஷன்ஸ் என்னும் குடியிருப்பில் மனைவி, மூன்று பெண் குழந்தைகள், உறவினர் ஆகியோரோடு வாழ்ந்த அந்த ஏழாண்டுகளில் எழுத்து ஒன்றே அவர்க்கு வருவாய்.

வழக்குகளும் வந்தன. ஆங்கிலேயர் காலத்திலேயே ஆபாசம் என்ற குற்றச்சாட்டில் மூன்று கதைகளுக்காக நீதிமன்றம் ஏறியவர் அவர். புதிய நாட்டில் 'தண்டா கோஷ்த்' கதைக்காக 1950 ஜனவரியில் மூன்று மாதக் கடுங்காவலும் 300 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் விடுதலை; பின்னர் உயர்நீதிமன்றத்தில் மீண்டும் அபராதம். மற்றொரு கதைக்காக உடல் நலிந்த நிலையில் கராச்சி வரை சென்று 25 ரூபாய் அபராதம் செலுத்தி மீண்டார். முற்போக்கு எழுத்தாளர்கள் அவரைப் பிற்போக்காளர் என்று விலக்கினர். பிற்போக்காளர்களோ அவரை ஒழுக்கங்கெட்டவர் என்றனர்.

அவர் குடிக்குக் காரணம் தேடுவோர் ஒவ்வொருவரும் இவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வர். தந்தையின் கடுமை, மகனின் சாவு, பிரிவினை, வழக்கு, வறுமை என அனைத்தும் உண்மை. ஆயினும் இவற்றையெல்லாம் தாங்கிக் குடிக்காதிருந்தவர்கள் அதே லாகூரில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுள் ஒருவர் சஃபியா. மகனைப் பறிகொடுத்தவர் அவருந்தான். வீடிழந்து வந்தவர் அவருந்தான். குடி ஓர் எல்லையைத் தாண்டியபின், தொடங்கிய காரணம் போய்விட்டாலும் தான் போவதில்லை. அதற்குத் தனிக் கால் முளைத்துவிடுகிறது.

அவர் எழுதிய முறையும் மாறிற்று. காலையில் பத்திரிகை அலுவலகத்திற்கோ பதிப்பாளரிடமோ செல்வார். அங்கேயே அமர்ந்து அடித்தல் திருத்தலின்றி ஒரு கதை எழுதுவார். இருபது முப்பது ரூபாய் பெறுவார். அங்கிருந்து மதுக்கடைக்குச் செல்வார். பாகிஸ்தானில் முஸ்லிம்களுக்கு மதுவிலக்கு வந்தது 1977இல்தான். அவர் காலத்து லாகூரில் மது தடையின்றிக் கிடைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட கதைகளை இந்த ஏழாண்டுகளில் அவர் எழுதினார் என்பதைச் சாதனையாகக் கூறுவதுண்டு. அவற்றுள் உலகம் போற்றும் கதைகள் உள்ளன. புட்டியின் விலைக்காக அவசரத்தில் முடிக்கப்பட்டவையும் மிகுதியாக உள்ளன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் எவரும், மது எழுதுவித்தது எது, மதுவை மீறி எழுதப்பட்டது எது என்பதை எளிதில் பிரித்தறிவர். குடி அவர்க்குக் கதை தரவில்லை; அவர் கதையைக் கொடுத்துக் குடியைப் பெற்றார். வாணிகத்தில் விற்றவர் எவர், வாங்கியவர் எவர் என்பதை மாற்றிச் சொல்வதாலேயே அந்தப் புகழுரை பிறக்கிறது.

விட முயன்றார் என்பதையும் சொல்ல வேண்டும். 1951 ஏப்ரலில், குடியை விடுவதற்காக லாகூர் மனநல மருத்துவமனையில் அவர் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். பல்லாண்டுகளாக மதுவில் ஊறிய உடலிலிருந்து அதைத் திடீரென விலக்கினால் நரம்பு மண்டலம் கட்டுமீறிக் கிளர்ந்தெழும். கை நடுங்கும், உறக்கம் அறும், இல்லாத உருவங்கள் தோன்றும், இல்லாத குரல்கள் கேட்கும், வலிப்பும் வரலாம், உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு. அத்தகைய அரைமயக்க நிலையில் அவர் இருந்தபோதுதான், பம்பாய் நண்பர் ஷியாம் இறந்துவிட்டார் என்னும் செய்தி நாளேட்டில் வந்தது. படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்து இறந்திருந்தார் ஷியாம். அவரைப் பற்றிய நினைவுச் சித்திரத்தில் மண்ட்டோ அந்த நாளை எழுதியுள்ளார். செய்தி மெய்யா, தெளியாத தம் மூளை காட்டிய மற்றொரு பொய்த் தோற்றமா என்று தெரியாமல் தடுமாறியதை எவ்வித ஒப்பனையுமின்றிச் சொல்லியிருக்கிறார். நண்பனின் சாவைச் சாவென்று நம்பி அழுவதற்குக் கூட முதலில் மனம் தெளிய வேண்டியிருந்தது. அவர் எழுத்துகளுள் கதைகளையே பெரிதும் போற்றுவோர் இப்பகுதியைப் போதிய அளவு கவனித்ததில்லை. குடிநோயாளி ஒருவர் தம் நிலையை உள்ளிருந்து எழுதிய உண்மையான பக்கங்களுள் அது ஒன்று.

பைத்தியக்காரர் விடுதியில் நிகழும் 'டோபா டேக் சிங்' கதையையும் இங்கே நினைக்கலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் பைத்தியக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் அக்கதையில், இரு எல்லைகளுக்கும் இடையே உரிமையற்ற மண்ணில் விழும் முதியவரைப் படைத்தவர் அத்தகைய விடுதியின் சுவர்களை உள்ளிருந்து கண்டவர். இதனையே பற்றிக்கொண்டு, குடித்ததால் அல்லவா அக்கதை பிறந்தது என்று வாதிடுவோர் உளர். அவர் அங்குச் சென்றது குடிப்பதற்காக அன்று, குடியிலிருந்து மீள்வதற்காக.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் சில காலம் குடியாதிருந்தார். முகம் தெளிந்தது; வீடு மூச்சு விட்டது. பின்னர் மீண்டும் தொடங்கினார். அவரைப் போற்றிக்கொண்டு சூழ வந்தவர்களுள் பலர் புட்டியோடு வந்தனர் என்பதை உறவினர் வேதனையோடு பதிவு செய்துள்ளனர். மேதையோடு அமர்ந்து குடித்த பெருமை அவர்களுக்கு. விலை வேறொருவர் வீட்டில். பிறர் பாசாங்குகளைத் தோலுரித்துக் காட்டிய அந்தக் கண், தம் வீட்டிலேயே புட்டியை மறைத்து வைத்துக் குடிப்பதில்லை என்று சாதித்த பாசாங்கின் முன் மங்கி நின்றது. இல்லை, மங்கவில்லை, அறிந்தே இருந்தது. அறிவு மட்டும் போதாமைதான் இந்நோய். இத்தனைக்கும் பம்பாய்க்குத் திரும்பிவிட வழி செய்யுமாறு இஸ்மத் சுக்தாய்க்கு எழுதிக்கொண்டிருந்தார்.

உள்ளே நிகழ்ந்தது இது. மதுவைச் சிதைத்து வெளியேற்றும் பணி கல்லீரலுடையது. ஆண்டுக்கணக்கில் நஞ்சு வந்துகொண்டேயிருந்தால் அதன் உயிரணுக்கள் மடிந்து, அவ்விடங்களில் வடுத்திசு வளரும். மென்மையான உறுப்பு முடிச்சு முடிச்சாக இறுகிச் சுருங்கும். சிரோசிஸ் என்பது இதுவே. இறுகிய ஈரலின் வழியே குருதி பாய இயலாமல் பின்தேங்கும். தேங்கிய அழுத்தத்தால் உணவுக்குழாயின் அடியிலுள்ள சிரைகள் புடைத்து மெல்லிய தோலாகும். அவற்றுள் ஒன்று வெடித்தால் வாய் வழியே குருதி கொட்டும். குருதியை உறையச் செய்யும் பொருள்களை ஆக்குவதும் அதே ஈரலாதலின், கொட்டத் தொடங்கியது எளிதில் நிற்பதில்லை. குடியை நிறுத்தினால் நோய் மேலும் முற்றாது தடுக்கலாம். பலர் பல்லாண்டு வாழ்ந்துள்ளனர். மருத்துவர்கள் மண்ட்டோவையும் எச்சரித்தனர்.

1955 ஜனவரி 17ஆம் நாள் மாலை வீடு திரும்பியவர் குருதி வாந்தி எடுத்தார். அதைக் கண்ட வீட்டுச் சிறுவனிடம் வெற்றிலைச் சாறு என்று சொல்லி மறைத்தார். இரவில் மீண்டும் குருதி. விடியற்பொழுதில் சஃபியாவை எழுப்பினார். மருத்துவர் வந்து ஊசி போட்டும் பயனில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்றபோது அவர் இசையவில்லை. பிறகு நிகழ்ந்ததை உறவினர் ஹமீத் ஜலால் எழுதி வைத்துள்ளார். தம் சட்டைப் பையில் மூன்றரை ரூபாய் இருப்பதாகவும், மேலும் கொஞ்சம் சேர்த்து விஸ்கி வாங்கி வருமாறும் மண்ட்டோ கேட்டார். வாங்கி வரப்பட்டது. வாசலில் மருத்துவ வண்டி வந்து நின்றபோது மீண்டும் கேட்டார். ஒரு கரண்டி வாயில் வார்க்கப்பட்டது, ஓரிரு துளிகள் உள்ளே சென்றிருக்கலாம், எஞ்சியது வழிந்தது. வண்டி மருத்துவமனையை அடையுமுன் உயிர் பிரிந்தது. அகவை நாற்பத்திரண்டு.

அந்தக் கடைசிக் கரண்டியை ஒரு கலைஞனின் இறுதி விருப்பமாகச் சிலர் எழுதியுள்ளனர். அறையில் நின்ற சஃபியாவின் இடத்திலிருந்து அதனை எழுதியவர் அரியர்.

மியானி சாஹிப் இடுகாட்டில் மண்ட்டோ அடக்கம் செய்யப்பட்டார். தமக்கென முந்தைய ஆண்டே அவர் எழுதி வைத்திருந்த கல்லறை வாசகம் சீற்றத்தைக் கிளப்பும் என்று அஞ்சி, குடும்பத்தார் வேறொரு வாசகத்தைப் பொறித்தனர். அவர் பம்பாயில் இருந்தபோது உருவாக்கிய கதையைக் கொண்டு சோராப் மோடி எடுத்த 'மிர்ஸா காலிப்', 1954ஆம் ஆண்டின் சிறந்த படமென்று இந்தியக் குடியரசுத் தலைவரின் பொற்பதக்கம் பெற்றது. அதனைக் கேட்க அவர் இல்லை. 2012இல், நூற்றாண்டையொட்டி, பாகிஸ்தான் அரசு தன் உயர்ந்த விருதுகளுள் ஒன்றை அவர்க்கு அளித்தது.

அவர் மறைந்தபோது மூத்த மகளுக்குப் பத்து வயதும் நிரம்பவில்லை. மூன்று பெண்களையும் சஃபியாவே உறவினர் துணையோடு லட்சுமி மேன்ஷன்ஸ் வீட்டில் வளர்த்து ஆளாக்கினார். கணவர் மறைந்தபின் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 1977இல் அவர் இறந்தார்.