ஒரே தையலில் ஒரு மேலங்கி

ஸ்பெயின் நாட்டின் வடக்குக் கடற்கரையில் கெதாரியா என்ற மீனவர் ஊர் உள்ளது. அங்கே 1895 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் நாள் பிறந்தவர் கிறிஸ்டோபல் பலென்சியாகா. தந்தை படகோட்டி. அவர் இறந்தபோது சிறுவனுக்கு வயது 11. தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர் அருகில் அமர்ந்து ஊசி பிடித்த மகன், 1917 இல் சான் செபாஸ்தியன் நகரில் சொந்தத் தையலகம் தொடங்கினார். உள்நாட்டுப் போர் மூண்டதால் நாட்டைவிட்டு வெளியேறி, 1937 இல் பாரிஸ் நகரில் தம் முதல் ஆடைக் காட்சியை நடத்தினார்.

பாரிஸில் ஆண்டுக்கு இருமுறை, கோடைக்கும் குளிருக்குமாக, புதிய ஆடைகளைக் காட்டுவது வழக்கம். பலென்சியாகாவின் காட்சியில் இசை கிடையாது, அறிவிப்பு கிடையாது. ஆடையின் எண் எழுதிய அட்டையைக் கையில் பிடித்தபடி பெண்கள் நடந்து வருவார்கள்; புன்னகை கூடச் செய்யக்கூடாது! பார்க்க வேண்டியது துணியையும் வெட்டையும் மட்டுமே. அவரோ திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடுவார்.

சட்டைக்குக் கை வைத்துத் தைத்துப் பார்த்த தோழியருக்கு ஒன்று தெரியும். தோளில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். தைத்து முடிந்த ஆடையானாலும் கை சரியில்லை என்றால், அவர் பிய்த்தெடுத்து மீண்டும் தம் கையாலேயே பொருத்துவாராம்.

1947 முதல் கிறிஸ்டியன் தியோர் இடுப்பை இறுக்கிப் பாவாடையை விரித்தபோது, பாரிஸே அவர் பின்னால் சென்றது. பலென்சியாகா அப்படிச் செல்லவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் எதையாவது குறைத்துக்கொண்டே வந்தார். குருக்களின் அங்கியும் கன்னியர் உடையும் தோளிலிருந்து நேராக விழும் அழகு அவர் ஆடைகளிலும் உண்டு. 1957 இல் இடுப்பே இல்லாத ஆடையைக் காட்டியபோது பலர் அதைச் 'சாக்கு' என்று கேலி செய்தனர். அவர் அசையவில்லை. 1961 இல் ஒரே ஒரு தையலில் ஒரு மேலங்கி செய்தார். 1967 இல் அவர் செய்த மணப்பெண் ஆடையில் சரிகையில்லை, பூவில்லை. விறைப்பான வெண்பட்டு, தலைக்கும் அதே பட்டு, அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கோயில் மணியின் வடிவமே நினைவுக்கு வந்தது.

1968 இல் தம் தையலகத்தை மூடிவிட்டார். ஆயத்த ஆடைகளின் காலம் வந்துவிட்டது. அளவெடுத்துத் தைக்காத ஆடைக்குத் தம் பெயரைத் தர அவருக்கு மனமில்லை. அதைப் பெருமையாகவே எழுதுகிறார்கள். ஆனால் அவரிடம் வேலை செய்த நூற்றுக்கணக்கானவர்கள் என்ன செய்திருப்பார்கள்? அவர்களிலும் அவர் தாயைப் போல ஊசியை நம்பிக் குடும்பத்தைக் காத்தவர்கள் இருந்திருக்கமாட்டார்களா? இந்த ஒன்றில் மட்டும் என் மனம் அவர் பக்கம் முழுமையாகச் சாயவில்லை.

1972 மார்ச்சில் ஸ்பெயினில் காலமானார். கெதாரியாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2011 இல் அவ்வூரில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.