இருதய மருத்துவ முன்னோடி மோட் அபட் அம்மையார்

நாம் வாழும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து மலையைக் கடந்து நகருக்குள் இறங்கினால் மக்கில் பல்கலைக்கழகத்தைக் காணலாம். அங்கு மருத்துவம் கற்க விரும்பி, பெண் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்ட ஒருவரின் வரலாற்றை இங்கு எழுதப் புகுகின்றோம்.

மோட் அபட் அம்மையார் 1860களின் பிற்பகுதியில் கியூபெக் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டார். தாயார் காசநோயால் இறந்தார். கைக்குழந்தையை வளர்த்தெடுத்தவர் தாய்வழிப் பாட்டியார். 1890இல் மக்கிலிற் கலைப்பட்டம் பெற்றும், அதன் மருத்துவபீடம் அவரை ஏற்கவில்லை. இதே நகரில் அன்று இயங்கிய பிஷப்ஸ் கல்லூரியின் மருத்துவபீடம் ஏற்றது. 1894இல் பரிசில்களுடன் வைத்தியரானார். மேற்படிப்புக்கு ஐரோப்பா சென்றவேளை உடன் சென்ற தமக்கையார் மனநோய்க்கு ஆளானார். அவரைப் பேணும் பொறுப்பு அம்மையாருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது.

1898இல் மக்கில் மருத்துவ நூதனசாலையில் அவருக்கு ஓர் உதவிப்பணி கிடைத்தது. கண்ணாடிச் சாடிகளில் இட்ட உடலுறுப்புகளை ஒழுங்குபடுத்திப் பட்டியலிடும் வேலை அது. தாயகத்தில் ஆசிரியராயும் பொறியியலாளராயும் இருந்து, இங்கு வந்து உணவகங்களிற் கோப்பை கழுவிய பெற்றோர் எம்மிடையே உளர். அத்தகைய வேலையின் இயல்பை அவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

அச்சாடிகளுள் ஒன்றில் விசித்திரமான இருதயம் ஒன்று இருந்தது. பெருமருத்துவர் ஒஸ்லரிடம் வினவியும் பழைய ஏடுகளைத் தேடியும் அதன் வரலாற்றை அம்மையார் கண்டறிந்தார். மக்கில் மருத்துவபீடத்தை நிறுவியோருள் ஒருவரான ஹோம்ஸ் என்பவர், 1820களில் இறந்த ஓர் இளைஞனின் உடலிலிருந்து எடுத்தது அது. இருதயத்தின் இரு மேலறைகளும் ஒரே கீழறைக்குள் திறந்திருந்தன. இத்தகைய குறையுடன் ஒருவன் இளமைப்பருவம்வரை வாழ்ந்தது எங்ஙனம்? இவ்வினாவே அவரது வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று.

அக்காலத்தில், பிறவி இருதயக்குறை மருந்தில்லா விதியெனக் கருதப்பட்டது. குறைகள் யாவும் ஒரே வகையின அல்ல என்பதை அம்மையார் கண்டார். ஒட்சிசன் குறைந்த இரத்தம் நல்லிரத்தத்துடன் கலந்து உடல் நீலம் பாரிப்பது ஒரு வகை. நீலம் பாரிக்காதது இன்னொரு வகை. உயிரோடிருந்தபோது நோயாளியிடம் காணப்பட்ட குறிகளை, இறந்தபின் இருதயத்திற் கண்டவற்றுடன் ஒப்பிட்டு எண்ணினார். 1908இல் ஒஸ்லர் பதிப்பித்த மருத்துவ நூலில் 412 நோயாளரை ஆராய்ந்து எழுதினார். 1936இல் வெளியான அவரது படநூல் ஆயிரம் பேரைப் பற்றியது. எண்ணுவது எளிய வேலையென நினைக்கவேண்டாம். கணினி இல்லாக் காலம் அது.

இடையே 1907இல் மருத்துவக் கட்டடம் தீக்கிரையாகி, நூதனசாலையிற் பெரும்பகுதி அழிந்தது. காரணங்கள் வேறாயினும், 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த எமக்கு அத்துயர் புரியும். அம்மையார் மீண்டும் சேகரிக்கத் தொடங்கினார். ஹோம்ஸ் இருதயம் எரியாமல் தப்பியது.

மக்கில் 1910இல் அவருக்குக் கௌரவ மருத்துவப்பட்டம் அளித்தது. பெண்களை மருத்துவபீடத்தில் அனுமதித்ததோ 1918இல்தான்! முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு இறுதிவரை வழங்கப்படவில்லை. இதை நியாயமென எம்மால் எழுத இயலாது.

பிறவிக்குறை ஒன்றைச் சத்திரசிகிச்சையால் நீக்க முடியும் என்பது 1938இல் பொஸ்ரனில் நிறுவப்பட்டது. 1940இல் அம்மையார் காலமானார். நான்கு ஆண்டுகளின்பின் பால்ரிமோரில் நீலம் பாரித்த குழந்தைக்கு முதற் சத்திரசிகிச்சை நடந்தது. எந்த இருதயத்தில் எக்குறை என்று அறியாமல் கத்தியை எடுக்க முடியுமா?

மக்கிலின் மருத்துவ நூதனசாலை இன்று அவர் பெயரையே தாங்குகின்றது. ஹோம்ஸ் இருதயமும் அங்கேதான் இருக்கின்றது.