பெற்றோர் மீதான பழியைத் துடைத்த 47வது குரோமோசோம்: யார் இந்த ஜெரோம் லெஜூன்?

டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறந்தால், ஒரு காலத்தில் முதல் பழி பெற்றோர் மீதுதான். குடிப்பழக்கம், பால்வினை நோய் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்த கண்டுபிடிப்போடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஜெரோம் லெஜூன்.

யார் இவர்?

1926ல் பாரிஸை ஒட்டிய மோன்ரூஜில் பிறந்தவர். மருத்துவம் முடித்து, பேராசிரியர் ரேமோன் துர்பானின் குழுவில் சேர்ந்தார். 1958ல் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் செல்லில் 46க்குப் பதில் 47 குரோமோசோம்கள் இருப்பது தெரியவந்தது. 21வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. 1959 ஜனவரியில் ஆய்வு வெளியானது.

இதில் சர்ச்சையும் உண்டு. செல்களை வளர்த்துக் காட்டியவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். ஆனா ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் லெஜூனுடையது. தனக்குரிய பெருமை கிடைக்கலைன்னு கோத்தியே பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார்.

மருந்து தேடிய மருத்துவர்

பாரிஸின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனைக்கு லெஜூனைத் தேடிப் பல நாட்டுப் பெற்றோர் வந்தார்கள். கண்டுபிடிப்பு கருக்கலைப்புக்கு வழி காட்டியது அவரை வாட்டியது. கடைசிவரை கருக்கலைப்பை எதிர்த்தார். குழந்தைகளின் அறிவுத்திறனை மேம்படுத்த மருந்து தேடினார். கிடைக்கலை. 1994 ஏப்ரல் 3ல் புற்றுநோயால் காலமானார்.

சரி, இதுக்கும் மறதி நோய்க்கும் என்ன சம்பந்தம்?

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியும். அதை உருவாக்கும் மரபணு இருப்பதும் அதே 21வது குரோமோசோமில்தான். இது 1987ல், லெஜூன் உயிரோடு இருந்தபோதே தெரியவந்தது. மரபணு மூன்று இருப்பதால் புரதமும் அதிகம். 40 வயதுக்குள் டவுன் சிண்ட்ரோம் உள்ள கிட்டத்தட்ட எல்லோர் மூளையிலும் இது படிந்துவிடுகிறது. 50களில் பலருக்கு மறதி தொடங்குகிறது.

முன்பு இது பெரிதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1983ல் இவர்களின் சராசரி ஆயுளே சுமார் 25தான். இப்போது சுமார் 60.

பெற்றோர் முன் உள்ள கேள்வி

அமிலாய்டைக் குறைக்கும் மருந்துகள், தடுப்பூசிகள் ஆய்வில் உள்ளன. குழந்தைகளுக்கென அங்கீகரிக்கப்பட்டது எதுவும் இன்னும் இல்லை. வந்தால் கொடுப்பதா?

பிள்ளைக்கு வயது 10. நோய் வர இன்னும் 40 வருஷம். ஓடி ஆடும் பிள்ளைக்கு எதுக்கு மருந்து, பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது என்ற பயம் ஒருபக்கம். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பேச்சையும் நடையையும் பிள்ளை இழக்கும்போது, பார்த்துக்கொள்ள நாம இருப்போமா என்ற பயம் மறுபக்கம். சம்மதம் சொல்லும் அளவுக்குப் பிள்ளைக்கு இது புரியுமா என்பதும் கேள்வி.

1959ல் அந்தக் கூடுதல் குரோமோசோம் பெற்றோரின் குற்ற உணர்வைப் போக்கியது. இன்று அதே குரோமோசோம் அவர்கள் கையில் ஒரு முடிவைக் கொடுத்திருக்கிறது. பிள்ளைக்குப் புரிகிற விதத்தில் சொல்லி, அவர்களையும் கேட்டு எடுக்க வேண்டிய முடிவு அது.