பாலர்க்கு இசைவழி சமைத்த புரந்தரதாசர்

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருமலைக்குச் செல்லும் அன்பர்கள், திருப்பதியை அடைவதற்குச் சற்று முன்னர் வடமாலபேட்டையைக் கடக்கின்றனர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில்தான் அப்பலாயகுண்டா பிரசன்ன வேங்கடேசப் பெருமாள் ஆலயம் உள்ளது. திருமலையில் வரத ஹஸ்தத்துடன் நிற்கும் பெருமான், இங்கே அஞ்சேல் என்று அபய ஹஸ்தம் காட்டி நிற்கிறார். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உரையாடும் நிலம் இது. இங்கே ஒரு குழந்தை முதன்முதலாகத் தாளம் தட்டி ஏழு ஸ்வரங்களைச் சொல்லத் தொடங்கும்போது, அதன் தாய்மொழி எதுவாக இருப்பினும், அது பாடுவது கன்னட நாட்டு ஹரிதாசர் ஒருவர் வகுத்துத் தந்த பாடத்தையே. அந்த மகான் புரந்தரதாசர்.

அவரைப் பக்தராக உலகம் அறியும். கர்நாடக சங்கீத பிதாமகர் என்ற பட்டமும் அனைவரும் அறிந்ததே. ஆனால் பக்தியில் தோய்ந்த ஒரு துறவுள்ளம் ஏன் குழந்தைகளின் முதல் பாடத்தைப் பற்றி அவ்வளவு அக்கறையுடன் சிந்தித்தது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

நவகோடி நாராயணன்

புரந்தரதாசர் 1484-ஆம் ஆண்டு பிறந்தார் என்பது மரபு. பிறந்த ஊர் மகாராஷ்டிரத்தில் புணேக்கு அருகிலுள்ள புரந்தரகடம் என்பர் ஒரு சாரார்; கர்நாடகத்தில் தீர்த்தஹள்ளியை அடுத்த ஆரகப் பகுதி என்பர் மற்றொரு சாரார். தந்தை வரதப்ப நாயக்கர் செல்வந்தர். திருவேங்கடமுடையானை வேண்டிப் பெற்ற மகனாதலால் குழந்தைக்குச் சீனிவாசன் என்று பெயரிட்டனர். ஆகவே, பிறப்பதற்கு முன்பே அவருக்கும் ஏழுமலைக்கும் உறவு ஏற்பட்டுவிட்டது எனலாம்.

சீனிவாச நாயக்கர் இளமையில் சமஸ்கிருதமும் கன்னடமும் இசையும் கற்றார். பின்னர்க் குலத்தொழிலாகிய அடகு வணிகத்திலும் இரத்தின வணிகத்திலும் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். நவகோடி நாராயணன் என்று ஊர் அவரை அழைத்தது. ஈட்டுவதில் இருந்த திறமை ஈவதில் இல்லை. அவருடைய மனைவி சரஸ்வதிபாயோ இரங்கும் நெஞ்சினர்.

ஒருநாள் ஏழை அந்தணர் ஒருவர், மகனின் உபநயனத்திற்குப் பொருள் வேண்டி நாயக்கரின் கடைக்கு வந்தார். நாயக்கர் அவரை நாளை, மறுநாள் என்று மாதக்கணக்கில் அலைய வைத்து, இறுதியில் செல்லாக் காசைக் கொடுத்து அனுப்பினார். அந்தணர் நேரே நாயக்கரின் இல்லத்திற்குச் சென்றார். கொடுக்கக் கையில் ஏதுமில்லாத சரஸ்வதிபாய், பிறந்த வீட்டுச் சீதனமான மூக்குத்தியைக் கழற்றித் தந்தார். அந்தணர் அதை நாயக்கரின் கடைக்கே கொண்டுவந்து விற்க முற்பட்டார். அடையாளம் கண்டுகொண்ட நாயக்கர் மூக்குத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு விரைந்து மனைவியிடம் அதைக் காட்டுமாறு கேட்டார். அஞ்சிய அம்மையார் உயிரை விடத் துணிந்து நஞ்சுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது, கிண்ணத்தினுள் மூக்குத்தி வந்து விழுந்தது. கடைக்குத் திரும்பி ஓடிய நாயக்கர் கண்டது வெறும் பெட்டி. அந்தணரையும் காணவில்லை. வந்தவர் யார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று.

வரலாற்று ஆசிரியர்கள் இதைச் சான்றாக ஏற்கமாட்டார்கள். அதில் குறையொன்றும் இல்லை. எனினும், தம்மைத் தம்பூரா ஏந்த வைத்தவர் மனைவியே என்று பின்னாளில் தாசரே நன்றியுடன் பாடியிருப்பதை மறந்துவிடக் கூடாது. செல்வம் அனைத்தையும் தானம் செய்துவிட்டு மனைவி மக்களுடன் அவர் புறப்பட்டார். காட்டுவழியில் அம்மையார் திருடர்க்கு அஞ்சினார். அச்சத்தின் காரணத்தை விசாரித்தபோது, கணவர் நீர் அருந்துவதற்கென்று ஒரே ஒரு பொற்கிண்ணத்தை அவர் மறைத்து எடுத்துவந்தது தெரிந்தது. தாசர் அதையும் வீசி எறிந்தார்; அத்துடன் அச்சமும் அகன்றது.

விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயரின் குருவாக விளங்கிய வியாசதீர்த்தரை அடைந்து, 1525-ஆம் ஆண்டு தீட்சை பெற்றார் என்று மரபு கூறுகிறது. புரந்தர விட்டலன் என்பது அவர் ஏற்ற முத்திரை. அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. சாஸ்திரங்களை வடமொழியில் ஆய்ந்த அறிஞர் குழு வியாசகூடம் எனப்பட்டது; அதே உண்மைகளைத் தாய்மொழிப் பாடல்களாக வீதிகளுக்குக் கொண்டு சென்ற குழு தாசகூடம். மடத்தின் உள்ளே வீற்றிருந்து நூல் இயற்றிய குரு, தெருவில் பாடிய சீடரின் பாடல்களைப் புரந்தரோபநிஷத் என்று போற்றியதாகச் சொல்வர்.

காலில் சதங்கை, கையில் தம்பூரா, தோளில் உஞ்சவிருத்திப் பை. நாள்தோறும் வீடுவீடாகப் பாடிச் சென்று, அன்றைய தேவைக்குக் கிடைத்ததை அன்றே உண்டு, மறுநாளுக்கென்று எதுவும் வைக்காத வாழ்க்கை. அவர் இயற்றியவை 4,75,000 பாடல்கள் என்பது வழக்கு. இன்று கிடைப்பவை ஆயிரத்தை ஒட்டியவையே. வாசலில் பாடுபவரின் குரலைக் கேட்டு முதலில் ஓடி வருபவர்கள் யார்? குழந்தைகள்தாம். கண்ணனின் குறும்புகளையும் யசோதையின் பதைப்பையும், பூச்சாண்டியை அழைத்துவிடாதே என்று தாயிடம் கெஞ்சும் பாலகிருஷ்ணனின் பயத்தையும் அவர் பாடியிருப்பதைக் காணும்போது, யாரை மனத்திற்கொண்டு பாடினார் என்று ஊகிப்பது கடினமன்று.

முதல் பாடம்

இசை கற்பது நெடுங்காலமாகக் குருவின் குரலைக் கேட்டு அப்படியே வாங்கிக்கொள்வதாகவே இருந்தது. நல்ல செவி வாய்த்த சிறுவன் தேறினான், மற்றவன் நின்றுவிட்டான். கற்பவன் ஏறுவதற்குப் படிகள் வெட்டியவர் புரந்தரதாசர் என்று இசைமரபு ஒருமுகமாகக் கூறுகிறது. இன்று நாம் காணும் பாடங்கள் அனைத்தும் அவர் ஒருவரே, ஒரே காலத்தில் வகுத்தவையா என்று வினவும் ஆய்வாளர்கள் உண்டு. வழிவழியாக வந்த பாடத்தில் பிற்காலத்தார் கைகளும் பட்டிருக்கலாம். ஆனால் அடித்தளம் அவருடையது என்பதில் வித்வான்களிடையே வேற்றுமை இல்லை.

பாடத்திற்கு அவர் தேர்ந்தெடுத்தது மாயாமாளவகௌளை. அக்காலத்தில் மாளவகௌளை என்றே வழங்கிய ராகம் இது. 72 மேளங்களில் 15-ஆவது என்ற இடமும் 'மாயா' என்ற முன்னொட்டும் பின்னர் வந்தவை. அதற்கு முன் பயிற்சிக்குப் பயன்பட்டது இன்றைய கரஹரப்ரியாவை ஒத்த ஸ்வர வரிசை என்று இசையறிஞர் சிலர் கருதுகின்றனர். அப்படியானால் தாசர் செய்தது சிறிய மாற்றமன்று. பழக்கத்தில் ஊறிய ஒன்றை, குழந்தையின் பொருட்டு எடுத்து அப்பால் வைத்திருக்கிறார்.

ஏன் இந்த ராகம்? ஒரு வீணையை மடியில் வைத்துக்கொண்டால் எளிதில் புரியும். ஸட்ஜத்திலிருந்து ரிஷபம் அடுத்த மெட்டு. ரிஷபத்திலிருந்து காந்தாரம் மூன்று மெட்டுகள் தள்ளி. காந்தாரத்தை அடுத்த மெட்டிலேயே மத்யமம். பிறகு இரண்டு மெட்டு தாண்டிப் பஞ்சமம். அங்கிருந்து மறுபடியும் ஒன்று, மூன்று, ஒன்று. மேல் ஸட்ஜம் வந்துவிடுகிறது. கீழ்ப்பாதி எப்படியோ அப்படியே மேற்பாதி. நான்கு ஸ்வரங்களைச் சரியாகப் பிடித்த குழந்தைக்கு அடுத்த நான்கின் நடையும் கைவந்துவிடுகிறது. மேலும், ஒட்டி நிற்கும் இடைவெளியும் அகன்று நிற்கும் இடைவெளியும் அடுத்தடுத்து வருவதால், சிறியது எது, பெரியது எது என்று செவி தெளிவாகப் பிரித்தறியப் பழகுகிறது. முதலைப் போட்டு வட்டியை எண்ணிய பழைய வணிகரின் கணக்கறிவு வீண்போகவில்லை. அது வேறொரு கல்லாவில் வந்து சேர்ந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

ஸ்வராவளி என்ற சொல்லே மருவிச் சரளி ஆயிற்று. முதல் வரிசை, நேரே ஏறி நேரே இறங்குவது. எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் அமைந்தது. இரண்டாம் வரிசையில் முதல் எட்டு அட்சரங்களில் மட்டும் ஒரு சிறு மாற்றம். அடுத்த எட்டில் பழைய ஏணியே திரும்பி வருகிறது. மூன்றாவதிலும் அவ்வாறே. புதியது சிறிது, தெரிந்தது பெரிது. தெரியாத இடத்தில் ஓரடி வைத்த குழந்தை உடனே தெரிந்த மண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. கற்பிக்கும் கலையை அறிந்தவர்கள் இந்த ஏற்பாட்டைக் கண்டு வியக்காமல் இருக்க முடியாது. அதையே மூன்று காலங்களில் பாடும்போது கையின் தாளம் அதே நிதானத்தில் நிற்க, ஸ்வரங்கள் மட்டும் இரட்டித்தும் நான்மடங்காகியும் விரைகின்றன. மனத்தை ஒரு நிலையில் நிறுத்திச் செயலை நடத்தும் பயிற்சிக்கு இதைவிட இளம்பருவத்துக்கு ஏற்ற சாதனம் எது?

ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டித்து வரும் ஜண்டை வரிசையில் குரலுக்கு அழுத்தம் பிறக்கிறது. அதுவே கமகத்திற்கு வாயில். தாண்டிச் செல்லும் தாட்டு வரிசையைக் கடந்தால் அலங்காரங்கள். துருவம், மட்யம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்ற ஏழு தாளங்களும் குழந்தையின் உள்ளங்கைக்குள் வருகின்றன. தட்டு, வீச்சு, விரல் எண்ணிக்கை ஆகியவற்றால் கணக்கு உடம்பில் ஏறுகிறது. இதற்கு ஏடு வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம்.

அதன் பின்னரே சொல் வருகிறது. மலஹரி ராகத்தில் அமைந்த பிள்ளாரி கீதங்கள் குழந்தை பாடும் முதல் பாடல்கள். மலஹரி அதே மாயாமாளவகௌளையின் பிள்ளை. ஆனால் அதில் நிஷாதம் இல்லை, ஏறும்போது காந்தாரமும் இல்லை. இதுவரை எல்லாப் படிகளிலும் கால் வைத்த குழந்தை, படி விட்டுப் படி ஏறக் கற்கிறது. ராகம் என்றால் என்ன என்பதை விளக்கம் எதுவுமின்றி அதன் தொண்டை உணர்ந்துகொள்கிறது. சங்கதிகள் இல்லை, ஒரே நடை, எளிய சொற்கள். மாத்வ வைணவராகிய தாசர் முதலில் விநாயகரையும் அடுத்துக் கௌரியின் நாதரையும் குழந்தையின் வாயில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஏரியின் நீரை முகந்து ஏரிக்கே வார்ப்பதுபோல இறைவன் தந்ததை இறைவனுக்கே அளிக்கும் கருத்தும் ஒரு கீதத்தில் வருகிறது. கிண்ணத்தை வீசி எறிந்தவர் அல்லவா பாடுகிறார்!

உண்மையான ஆசிரியர் மாணவன் நிற்கும் இடத்திற்கு உடனே இறங்கி வரக்கூடியவர் என்று சுவாமி விவேகானந்தர் கருதினார். துறவுக்கு முன் அவரும் தேர்ந்த இசைவாணர். 1887-இல் வெளிவந்த சங்கீத கல்பதரு என்ற தொகுப்பில் அவருக்குப் பங்குண்டு. இறங்கி வருவது என்றால் தரத்தை இறக்குவதன்று. புரந்தரதாசர் பாடத்தில் தவறான ஸ்வரம் ஒன்றுகூட இல்லை. முதல் நாளிலிருந்தே அது முழுமையான சங்கீதம்.

இன்று பல பெற்றோர்கள், பிள்ளை சேர்ந்த ஆறு மாதத்தில் மேடையேற வேண்டும் என்று விரும்புகிறார்கள். அதற்காகச் சரளியை ஓட்டமாக ஓட்டிவிட்டுக் கீர்த்தனைக்குத் தாவும் வகுப்புகள் உண்டு. மறுபுறம், பொருள் உணராமல் அதே வரிசையை மாதக்கணக்கில் ஒப்பிக்கச் செய்து, பிள்ளை இசையையே வெறுத்து நின்றுவிடும் வகுப்புகளும் உண்டு. இரண்டிலும் பழி பாடத்தின்மேல் விழுகிறது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு மோகனம் போன்ற ஐந்து ஸ்வர ராகத்தில் தொடங்கலாம், விளையாட்டுடன் தாளம் சொல்லித் தரலாம் என்று கருதும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குருத்துரோகிகளாகப் பார்ப்பது சரியன்று. முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணியில் முருகன் அருள் பெற்றுப் பாடத் தொடங்கியவர்; ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சொல் அமைத்து அவர் இயற்றிய ஏறக்குறைய 40 நோட்டுஸ்வர சாகித்தியங்கள் இன்று சிறுவர் வகுப்புகளில் விரும்பிப் பாடப்படுகின்றன. அதனால் மரபு குலைந்துவிடவில்லை. புரந்தரதாசரே தம் காலத்தில் புதுவழி கண்டவர். ஆனால் அவர் வழியை மாற்ற விழைபவர், அவரைப் போலக் குழந்தையை உற்று நோக்கி, ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்தாரா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அழியாத ஏடு

தாசர் பண்டரிபுரம், திருமலை முதலிய தலங்களுக்கு யாத்திரை சென்று பாடினார். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியர் 1503-இல் மறைந்தவர். முதியவரான அவரை இளைஞரான சீனிவாசர் சந்தித்ததாகவும் ஒரு மரபு உண்டு. அன்னமய்யாவின் சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலையில் காக்கப்பட்டன. புரந்தரதாசரின் பாடங்களுக்கு அத்தகைய பேழை எதுவும் இருக்கவில்லை.

1564-இல் ஹம்பியில் அவர் இறைவனடி சேர்ந்தார். துங்கபத்திரைக் கரையில், விட்டலர் ஆலயத்திற்கு அருகில், புரந்தர மண்டபம் இன்றும் நிற்கிறது. வெள்ளக் காலங்களில் நீர் அதைச் சூழ்ந்துகொள்ளும். அடுத்த ஆண்டே, 1565-இல், தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. மாடமாளிகைகள் இடிந்தன. கலைஞர்கள் பலர் தெற்கே தஞ்சை நோக்கி வந்தனர். அவர்களோடு வந்த இசைச் செல்வத்தில் சரளியும் ஜண்டையும் பிள்ளாரி கீதங்களும் இருந்தன. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் திருவாரூரில் தோன்றிய தியாகராஜர், தம் தாயார் பாடிய தாசர் பாடல்களைக் கேட்டு வளர்ந்தார் என்பர். தமது பிரகலாத பக்தி விஜயத்தின் தொடக்கத்தில் அவர் புரந்தரதாசரை வணங்குகிறார். தியாகராஜருக்குத் திருவையாற்றில் ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமி. அதே பட்சத்து அமாவாசை, தாசரின் ஆராதனை நாள்.

திருப்பதியில் திருமலைப் பாதை தொடங்கும் அலிபிரியில் அவருடைய திருவுருவச் சிலை உள்ளது. ஆராதனை நாட்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தாச சாகித்யத் திட்டத்தின் சார்பில் அதற்கு மாலை சாத்துகிறார்கள். ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களிலிருந்து பஜனைக் குழுவினர் அங்கே கூடித் தாசரின் பாடல்களைப் பாடுகிறார்கள். அத்திட்டமே ஆண்டில் சில முறை நடத்தும் மெட்லோற்சவத்தில், அடியார்கள் அலிபிரியில் படிகளுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, ஒவ்வொன்றாக ஏறிச் செல்கின்றனர்.