வேலையை அளந்த மனிதர்

ஒரு வேலையைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? வேலையைச் செய்பவரா, செய்விப்பவரா? எளிமையாகத் தோன்றும் இக்கேள்விதான் மேலாண்மையியலின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருகிறது. கல்லூரியில் பல ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இக்கேள்விக்கு முதன்முதலாக அறிவியல் வழியில் விடை தேட முயன்ற ஒருவரின் வாழ்க்கையை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர்.

1856 மார்ச் 20 அன்று பிலடெல்பியா நகரின் ஜெர்மன்டவுன் பகுதியில், வசதி மிக்க குவேக்கர் குடும்பமொன்றில் டெய்லர் பிறந்தார். தந்தை சட்டம் பயின்றவர். தாய் அடிமை முறை ஒழிப்பில் தீவிர ஈடுபாடு கொண்டவர். மகனும் வழக்குரைஞராக வேண்டும் என்பதே குடும்பத்தின் விருப்பம். ஹார்வர்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் சிறப்பாகத் தேறினார். ஆனால், பார்வைக் குறைபாட்டால் அங்கே சேரவில்லை. மாறாக, 1874-இல் பிலடெல்பியாவில் நீரேற்று இயந்திரங்கள் தயாரிக்கும் சிறு ஆலையொன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை பட்டறைப் புழுதியில் தொழில் கற்றது, அவரது சிந்தனையின் போக்கையே தீர்மானித்துவிட்டது.

1878-இல் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணத் தொழிலாளியாக நுழைந்தவர், எழுத்தர், இயந்திரப் பணியாளர், குழுத் தலைவர், மேற்பார்வையாளர் எனப் படிப்படியாக உயர்ந்து, ஆறே ஆண்டுகளில் தலைமைப் பொறியாளரானார். இதற்கிடையே ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1883-இல் இயந்திரப் பொறியியல் பட்டமும் பெற்றார். 1881-இல் அமெரிக்க தேசிய டென்னிஸ் இரட்டையர் போட்டியில் பட்டம் வென்ற இருவரில் அவரும் ஒருவர் என்பது பலர் அறியாத செய்தி.

மிட்வேலில்தான் அவர் தமது வாழ்நாள் பிரச்னையைச் சந்தித்தார். தொழிலாளர்கள் தங்களால் இயன்ற அளவுக்கு உற்பத்தி செய்யாமல், திட்டமிட்டே மெதுவாக வேலை செய்தனர். தாமும் தொழிலாளியாக இருந்தவர் என்பதால் அதன் காரணமும் அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே உருப்படிக் கூலி முறை நடைமுறையில் இருந்தது. ஒருவர் கூடுதலாக உழைத்துக் கூடுதலாகச் சம்பாதித்தால், நிர்வாகம் உடனே ஓர் உருப்படிக்கான கூலியைக் குறைத்துவிடும். பிறகு, பழைய வருவாயைப் பெறவே அவர் இரு மடங்கு உழைக்க வேண்டும். இந்த நிலையில் மெதுவாக வேலை செய்வது சோம்பல் அன்று. பொருளாதார நோக்கில் அது மிகவும் அறிவார்ந்த முடிவு. இதை டெய்லர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும், மேற்பார்வையாளரானதும் உற்பத்தியை உயர்த்த அவர் தொழிலாளர்களுடன் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கடுமையாக மோதினார். மோதலில் அவர் வென்றார். ஆனால், நாள்தோறும் பகை நிறைந்த முகங்களைப் பார்த்து வாழ்வது வாழ்க்கையே அல்ல என்பதையும் உணர்ந்தார். ஒரு நாள் வேலை என்பது எவ்வளவு என்று இரு தரப்புக்குமே தெரியாததுதான் சண்டைக்கு மூலம் என்ற முடிவுக்கு வந்தார். அதைக் கண்டறிய ஸ்டாப் வாட்சைக் கையிலெடுத்தார். ஒவ்வொரு வேலையையும் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசைவுக்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டார்.

1898-இல் பெத்லகேம் எஃகு நிறுவனத்தில் சேர்ந்த பிறகு அவரது சோதனைகள் புகழ் பெற்றன. தாதுவையும் நிலக்கரியையும் தொழிலாளர்கள் ஒரே மண்வாரியால் அள்ளி வந்தனர். கரித்தூளை அள்ளினால் சுமை மிகக் குறைவு. தாதுவை அள்ளினால் தூக்க முடியாத பாரம். ஒரு முறைக்கு 21 பவுண்டு எடை அள்ளினால்தான் ஒருவர் நாள் முழுவதும் அதிகபட்சம் வேலை செய்ய முடியும் எனக் கண்டறிந்து, பொருளுக்கேற்ப வெவ்வேறு அளவிலான மண்வாரிகளை வழங்கினார். அங்கேயே மான்செல் வைட்டுடன் இணைந்து அவர் உருவாக்கிய அதிவேக வெட்டு எஃகு, உலகெங்கும் கடைசல் பட்டறைகளின் வேகத்தை மாற்றியது.

இரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில் ஏற்றும் சோதனை இன்னும் புகழ் பெற்றது, இன்னும் சர்ச்சைக்குரியது. நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை டன் ஏற்றிய இடத்தில், ஷ்மிட் என்று அவர் பெயரிட்டழைத்த தொழிலாளி ஏறத்தாழ 47 டன் ஏற்றினார். அவரது கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. மாணவர்களிடம் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, கணக்கிடச் சொல்வது என் வழக்கம். உழைப்பின் பயன் கிட்டத்தட்ட நான்கு மடங்கானது. கூலி உயர்வோ ஏறத்தாழ 60 சதவீதம். மேலாண்மையியல் பாடநூல்கள் முதல் எண்ணில் நின்றுவிடும். பொருளாதாரம் படிப்பவர் இரண்டாவது எண்ணையும் கேட்டாக வேண்டும்.

ஷ்மிட்டின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். அவரை மந்தபுத்தி உடையவராகவும், அத்தகைய வேலைக்குரியவர் மாட்டுக்கு ஒப்பானவர் என்றும் டெய்லர் எழுதினார். ஆனால், அதே மனிதர் வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் தமக்கென ஒரு வீட்டைத் தாமே கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் டெய்லரே தரும் தகவல். ஆலைப் பதிவேடுகளை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர்கள், இக்கதையின் பல பகுதிகள் மெருகேற்றப்பட்டவை எனக் காட்டியுள்ளனர்.

நிர்வாகத்துடன் ஏற்பட்ட பிணக்கால் 1901-இல் டெய்லர் பெத்லகேமிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதன் பின்னர், பணத்துக்காக வேலை செய்வதை விட்டுவிட்டுத் தம் கொள்கையைப் பரப்புவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1910-இல் ரயில்வே நிறுவனங்கள் சரக்குக் கட்டணத்தை உயர்த்த முயன்றபோது, அதை எதிர்த்து வாதாடிய லூயிஸ் பிராண்டைஸ், டெய்லரின் முறைகளைப் பின்பற்றினால் கட்டண உயர்வே தேவைப்படாது என வாதிட்டார். 'அறிவியல்சார் மேலாண்மை' என்ற பெயர் அப்போதுதான் நாடெங்கும் பரவியது. 1911-இல் அதே தலைப்பிலான டெய்லரின் நூல் வெளிவந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில், வாட்டர்டவுன் அரசுப் படைக்கலத் தொழிற்சாலையில், ஸ்டாப் வாட்சுக்கு முன் வேலை செய்ய மறுத்த வார்ப்படத் தொழிலாளி ஒருவர் நீக்கப்பட, அவரது தோழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. 1912 ஜனவரியில் அக்குழுவின் முன் டெய்லர் நாள் கணக்கில் சாட்சியம் அளித்தார். உபரியைப் பங்கிடுவதில் சண்டையிடாமல், இரு தரப்பும் சேர்ந்து உபரியைப் பெருக்கும் மனமாற்றமே தம் கொள்கையின் சாரம், கடிகாரம் வெறும் கருவிதான் என்று அவர் விளக்கினார். குழு அதை முழுமையாக ஏற்கவில்லை. பின்னர் அரசுத் தொழிற்சாலைகளில் நேரக் கணிப்புக்கு நாடாளுமன்றம் தடை விதித்தது.

1915 மார்ச் 21 அன்று, தம் 59-ஆவது பிறந்த நாளுக்கு மறுநாள், நிமோனியாவால் டெய்லர் காலமானார். அதே ஆண்டில், சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் ஹாக்ஸி, டெய்லரின் வழியைப் பின்பற்றுவதாகக் கூறிய 30-க்கும் மேற்பட்ட ஆலைகளை ஆராய்ந்த அறிக்கை வெளியானது. டெய்லரின் இலட்சியத்துக்கும் ஆலைகளின் நடைமுறைக்கும் பெரும் இடைவெளி இருப்பதை அவர் கண்டார். கடிகாரத்தை எடுத்துக்கொண்ட முதலாளிகள், பயிற்சியையும் நியாயமான பங்கீட்டையும் வசதியாக மறந்துவிட்டனர். அதைவிட முக்கியமாக, நேரக் கணிப்பே முழுமையான அறிவியல் அன்று. யாரை அளப்பது, ஓய்வுக்கு எவ்வளவு விடுவது என்பன எல்லாம் அளப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தவை என்பதையும் அந்த ஆய்வு வெளிப்படுத்தியது.

டெய்லருக்குப் பின் மேலாண்மைச் சிந்தனை பல கிளைகளாக விரிந்தது. பிரான்ஸின் ஆன்ரி ஃபேயோல் 1916-இல் நிர்வாகத்தின் பொதுக் கோட்பாடுகளை வகுத்தார். 1924 முதல் 1932 வரை நடந்த ஹாதார்ன் ஆய்வுகளும், அவற்றுக்கு எல்டன் மேயோ அளித்த விளக்கமும் தொழிலாளியின் மனத்தையும் உறவுகளையும் கவனத்துக்குக் கொண்டுவந்தன. முதலில் டெய்லரைச் சாடிய லெனின்கூட, 1918-இல் சோவியத் ரஷியாவில் அவரது முறைகளைக் கற்கும்படி வலியுறுத்தினார். முதலாளித்துவமும் பொதுவுடைமையும் ஒருசேரக் கையிலெடுத்த கருவி அது.

'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில் வள்ளுவர், ஒரு செயலுக்கு உரியவரை ஆராய்ந்து தேர்ந்தபின் அச்செயலை அவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறார். டெய்லர் தேர்ந்தெடுப்பது வரை வந்தார், ஒப்படைக்கவில்லை. சிந்திப்பது அலுவலகத்தின் வேலை, செய்வது தொழிலாளியின் வேலை என்று அவர் கோடு கிழித்தார். அந்தக் கோடுதான் அவரது ஆகப் பெரிய பலவீனம் என்பது என் கருத்து.

டெய்லரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. அது நியாயம் அன்று. உற்பத்தி பெருகினால்தான் வறுமை குறையும் என்ற அவரது நம்பிக்கை பொய்க்கவில்லை. ஒருமுறை நிர்ணயித்த கூலி விகிதத்தைக் குறைக்கவே கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இன்று உணவு விநியோகிக்கும் இளைஞரின் கைப்பேசியிலும், பெரும் கிடங்குகளில் பொருள் எடுப்பவரின் கையடக்கக் கருவியிலும் அவரது கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால், அளவீட்டு முறை அந்த இளைஞருக்குத் தெரியாது. விகிதம் எப்போது குறையும் என்பதும் தெரியாது.

மிட்வேல் தொழிலாளி மெதுவாக வேலை செய்தது, தன் கூலி வெட்டப்படும் என்ற அச்சத்தால். அந்த அச்சத்தை நீக்காமல் கடிகாரத்தை மட்டும் நவீனமாக்குவது மேலாண்மை ஆகாது. வேலையை அளக்கலாம், ஆனால், அளவுகோலை வகுக்கும் இடத்தில் உழைப்பவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். சட்டம் இயற்றுவோரும் நிறுவனங்களை நடத்துவோரும் டெய்லரின் வாழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் இதுவே.