வீணை தனம்மாள்

எங்கள் இசை வகுப்பில் யாராவது பேசினால் ஆசிரியை ஆர்மோனியத்தை நிறுத்திவிடுவார். அமைதி திரும்பிய பிறகே பாட்டு தொடரும். அப்போதெல்லாம் எனக்கு வீணை தனம்மாளின் நினைவு வரும்.

தனம்மாள் 1867ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். பாட்டி காமாட்சி நடனமணி. தாய் சுந்தரம்மாள் பாடகி. இசையையும் நடனத்தையும் பரம்பரையாகக் காத்து வந்த அத்தகைய குடும்பத்துப் பெண்களின் கலையை அக்காலச் சமூகம் ரசித்தது. ஆனால் அவர்களுக்கு உரிய மரியாதையைத் தரவில்லை. தனம்மாள் அதைக் கேட்டுப் பெற முயலவில்லை. தம் வீணையாலேயே பெற்றார்.

சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கற்றார். பார்வையற்ற இசைவாணர் ஒருவரிடம் பதங்களைப் பயின்றார். வீணை வாசிப்போர் பலர் விரலில் கம்பி வளையம் அணிந்து மீட்டுவர். தனம்மாளோ நகத்தாலேயே மீட்டினார். அதனால் நாதம் மிக மென்மையாக ஒலித்தது. வாசித்துக்கொண்டே மெல்லிய குரலில் பாடுவார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் கச்சேரி நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. பெரிய வித்துவான்களும் அங்கு வந்து, சிறு சத்தமும் எழுப்பாமல் அமர்ந்து கேட்பார்கள். அந்த நாதத்தைக் கேட்க வேண்டுமானால் மௌனமாக இருந்தே தீர வேண்டும்.

முதுமையில் அவருக்குப் பார்வை போயிற்று, பணமுடையும் வந்தது. ஆயினும் வீணையின் 24 மெட்டுகளையும் அவர் விரல்கள் அறிந்திருந்தன. கண் மறைந்த பின்னும் இசை மறையவில்லை.

1932ஆம் ஆண்டு, அவருக்கு 65 வயதானபோது, கொலம்பியா நிறுவனம் அவர் இசையை இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே இசை அடங்கும். ஒரு ராகத்தை நிதானமாக விரித்துக் காட்டிப் பழகியவருக்கு இது எவ்வளவு பெரிய சோதனை! வேறொருவராக இருந்தால் தம் திறமை முழுவதையும் காட்டிவிட அவசரப்பட்டிருப்பார். தனம்மாள் அவசரப்படவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் வாசிப்பது போலவே வாசித்தார். தட்டின் கரகரப்புக்கு நடுவிலும் அந்த அமைதியை நாம் இன்றும் கேட்கலாம். அந்தச் சில தட்டுகள் இல்லையென்றால் அவர் இசை நமக்கு வெறும் செவிவழிச் செய்தியாகவே இருந்திருக்கும்.

1938ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தனம்மாள் மறைந்தார். பேத்தியர் அவர் செல்வத்தைக் காத்தனர். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை நாட்டியமேதை பாலசரஸ்வதி 1973லும், பாடகி பிருந்தா 1976லும் பெற்றனர். பாட்டி காலத்தில் சமூகம் தர மறுத்த மரியாதை பேத்தியர் காலத்தில் வீடு தேடி வந்தது.

தோழியரே! ஆண்டு விழா மேடையில் நமக்குக் கிடைப்பதும் சில நிமிடங்களே. அது போதவில்லையே என்று நான் குறைப்பட்டதுண்டு. இனி அப்படிச் சொல்ல மாட்டேன். கிடைத்த சிறு பொழுதில் அவசரமின்றி, பழுதின்றி, நம்மிடம் உள்ளதை முழுமையாகத் தருவோம். பிறர் பாடும்போது மௌனமாகக் கேட்கவும் கற்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு