பூனைக்குப் பட்டமளித்த அறிஞர்

செரமி பெந்தாம் இலண்டன் மாநகரில் 1748ஆம் ஆண்டு பிறந்தார். பன்னிரண்டாம் அகவையிலேயே ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் புகுந்தார்; சட்டமும் பயின்றார். மைந்தர் வழக்காடிப் பெரும்பொருள் ஈட்டுவார் என்று தந்தையார் கனாக் கண்டார். மைந்தரோ, உள்ள சட்டத்தைக் கொண்டு பிழைப்பதைவிட, அச்சட்டம் நேரியதுதானா என்று ஆராய்தலையே விரும்பினார்.

அந்நாளில் இங்கிலாந்தில், கடையில் ஐந்து சில்லிங் பெறும் பொருளைக் களவாடியவனையும் தூக்கிலிடச் சட்டம் இடந்தந்தது. தண்டனையும் ஒரு துன்பமே. ஆதலின் அது தேவைக்கு மேற்படலாகாது என்றார் பெந்தாம். மிகப் பலர்க்கு மிகுந்த இன்பம் பயப்பது யாதோ, அதுவே அவர் கொண்ட அளவுகோல். 1789இல் வெளிவந்த தம் பெருநூலில் விலங்குகளையும் அவர் மறந்தாரல்லர். அவை பேசுமா, சிந்திக்குமா என்பதன்று வினா. துன்புறுமா என்பதே வினா என்று எழுதினார்.

அவர் வளர்த்த பூனையின் பெயர் இலாங்போர்ன். அதற்கு முதலில் ‘சர்’ பட்டம் அளித்தார். முதுமையில் அது துள்ளலை விட்டு அடக்கம் பூண்டதும், பாதிரிமார்க்குரிய ‘வணக்கத்திற்குரிய’ என்னும் அடைமொழியும் சேர்ந்தது. கைத்தடிக்கு டாப்பிள் என்று பெயரிட்டார். தேநீர்க் கெண்டிக்கும் ஒரு பெயர் உண்டு.

சொற்களை ஆக்குவதிலும் அவர் வல்லவர். நாடுகளுக்கு இடைப்பட்டதைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் இன்டர்நேசனல் என்னும் ஆங்கிலச் சொல் அவர் படைத்ததே. புதுச்சொல்லாயினும் பொருள் விளங்கும் என்று நம்புவதாக அவரே குறித்துள்ளார். ஆனால், காலையுணவுக்கு முன் தோட்டத்தில் உலாவுதற்கு இலத்தீன் வேர்களைக் கோத்து அவர் இட்ட நெடும்பெயரை எவரும் ஏற்கவில்லை. சொல்லாக்கத்தில் இறங்கும் நம் புலவர்களும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

அவர்தம் இறுதி விருப்பம் எல்லாவற்றினும் வியப்புக்குரியது. தூக்கிலிடப்பட்ட கொலைஞரின் உடல்களையே மருத்துவ மாணவர் அறுத்துப் பயிலச் சட்டம் இசைந்த காலம் அது. அவை போதாமையால் கல்லறைகளைத் தோண்டிப் பிணம் திருடுவோர் பெருகினர். எடின்பரோவில் 1828ஆம் ஆண்டில் இருவர் பதினாறு பேரைக் கொன்றே உடல்களை விற்றனர். பெந்தாமோ தம் உடலை அறுத்து ஆராயுமாறு தாமே எழுதிவைத்தார். 1832 சூன் 6ஆம் நாள் அவர் மறைந்தார். மூன்றாம் நாள், இடியும் மின்னலும் சூழ, நண்பராகிய மருத்துவர் சவுத்வுட்டு சிமித்து அவ்வுடலை அறுத்து விரிவுரையாற்றினார்.

ஈராண்டோ மூவாண்டோ அன்று, இரண்டே திங்களில் புதுச்சட்டம் பிறந்தது. அதனால் கல்லறைக் களவு குறைந்தது. எனினும், ஏழையர் விடுதிகளில் கேட்பாரின்றி இறந்தோர் உடல்களே பின்னர் மிகுதியும் அறுக்கப்பட்டன. மனமுவந்து தம்மை அளித்த பெந்தாம் எங்கே, கேளாமலே கொள்ளப்பட்ட அவ்வேழையர் எங்கே!

அவர் விரும்பியவாறே எலும்புக்கூட்டில் வைக்கோல் திணித்து, அவருடைய ஆடையையே அணிவித்து, நாற்காலியில் இருத்தினர். பதப்படுத்திய தலை அச்சந்தரும் தோற்றம் அடைந்தமையால் மெழுகுத்தலை பொருத்தினர். 1850இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி அவ்வுருவை ஏற்றது. ஆட்சிக்குழுக் கூட்டங்களுக்கு அவர் வருகை தந்தார், வாக்களிக்கவில்லை என்று பதிவு செய்வர் என்பது வெறுங் கட்டுக்கதை. அவர் இன்றும் அக்கல்லூரியில் கண்ணாடிப் பேழையுள் வீற்றிருக்கிறார்; டாப்பிளும் உடன் உளது.